எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர்

வெந்நீர் ஊற்றுன்னதும் எரிமலைதான் ஞாபகம் வரும். இலங்கையில் எரிமலையே இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கி, பூமியின் சூட்டை வாங்கி மேலே வருகிறது. எங்க நமுனுகுல நிற்கும் மலைநாட்டுப் பாறைத்தொகுதி கிழக்கே விஜயன் தொகுதியைத் தொடுகிறது. அந்த எல்லையை ஒட்டித்தான் மகாஓயா, மகாபெலஸ்ஸ போன்ற ஊற்றுகள் இருக்கு.

திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் வாளால் குத்திய இடங்கள் என்பது ஐதீகம். எல்லவில் நாங்க பார்க்கும் இராவணா அருவியும் அவன் பெயரில்தான். கதையை வரலாறுன்னு சொல்ல முடியாது. ஆனா இறந்தவர்களுக்காகத் தமிழர் தலைமுறையாக அங்கே செய்யும் கிரியைகள் வரலாறுதான். 2019 ஜூலையில் அங்குள்ள பிள்ளையார் கோயில் நிலத்துக்காக மக்கள் திரண்டதும் வரலாறுதான். கன்னியா போனா அறிவிப்புப் பலகையோட நிற்காம, கடன் கழிக்க வந்தவங்ககிட்டயும் நாம கேட்கணும்.