கெப் கொதிக்கிறதா? தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிய முன்

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். வடக்கிலிருந்து வரும் வாகனத்துக்கு அதில் பெரும்பகுதி சமதரைதான். மாத்தளையைத் தாண்டினால் பலகடுவைக் கணவாய் ஏற்றம். அதில் ஏறி இறங்கினால் அலவத்துகொட, பிறகு அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, கண்டி. கிளிநொச்சியிலிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல் ஒழுங்காக ஓடிவந்த பழைய கெப், கடைசி முப்பது கிலோமீற்றருக்குள் கொதிப்பது இந்த ஏற்றத்தால்தான்.

அலவத்துகொடயில் வீதியோரக் கராஜ் ஒன்றில் அப்படியொரு கெப்பைப் பார்த்தேன். பின்னால் கருவாட்டு மூட்டைகள். மீள்குடியேறிய பிறகு லீசிங்கில் எடுத்த வாகனம். வீட்டின் ஒரே வருமானமும் அதுதான்.

“நானா, தேர்மோஸ்ரற்றைக் கழட்டிப்போட்டு ஓடுவமா? ஊரில அப்பிடித்தான் சொல்லுறாங்கள்” என்றார் சாரதி.

“கழட்டினா இன்னும் கொதிக்கும் தம்பி.”

நானா சொன்னது சரி. தேர்மோஸ்ரற் என்பது மெழுகு அடைத்த ஒரு சிறு வால்வு. எஞ்சின் குளிராக இருக்கும்போது மூடியிருக்கும். நீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். அதில் பொறித்திருக்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 82 அல்லது 88 பாகை செல்சியஸ், வந்ததும் மெழுகு உருகி விரிந்து ரேடியேற்றருக்குப் பாதையைத் திறக்கும். பல டொயோட்டா எஞ்சின்களில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: ரேடியேற்றரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குப் பாதையை அதே நேரத்தில் அடைப்பது. கழற்றிவிட்டால் அந்தப் பாதை எப்போதும் திறந்திருக்கும். நீரில் ஒரு பங்கு ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சமதரையில் தெரியாது, பாரத்தோடு ஏறும்போது தெரியும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சமூகம் நாங்கள். இல்லாத பாகத்துக்கு மாற்றுவழி கண்டுபிடித்த அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இன்று இந்தப் பாகம் கடையில் கிடைக்கிறது. கொதித்து ஹெட் வளைந்தால் வரும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமேயில்லை.

பழுது இதில்தானா என்று முதலில் பாருங்கள். வெப்பமானி மேலே போகிறது, ஆனால் ரேடியேற்றர் குளிராகவே இருக்கிறது என்றால், வால்வு மூடியபடி இறுகியிருக்கலாம். நீர்ப் பம்பும் காரணமாகலாம். எவ்வளவு ஓடியும் முள் ஏறவில்லை, டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது என்றால் திறந்தபடி இறுகியிருக்கலாம். கழற்றிய தேர்மோஸ்ரற்றை நூலில் கட்டி, நீருள்ள பாத்திரத்தில் அடி முட்டாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கொதித்த பின்னும் திறக்காவிட்டால் அது முடிந்தது. புதியதையும் பூட்டுமுன் இப்படிப் பார்ப்பது நல்லது.

மாற்றும் வேலை எஞ்சின் முற்றாக ஆறிய பிறகுதான். சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறும். நீரை வடித்து, ரேடியேற்றர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்திலுள்ள மூடியைக் கழற்றுங்கள். சில எஞ்சின்களில் அது மேல் குழாய்ப் பக்கம், சிலவற்றில் கீழ்க் குழாய்ப் பக்கம். பழையது எந்தப் பக்கமாக இருந்தது என்று தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். சுருள்வில் எஞ்சின் பக்கம் இருக்கவேண்டும். காற்று வெளியேறும் சிறு துளை இருந்தால் அது மேலே வரவேண்டும். பழைய கஸ்கற்றைச் சுரண்டி எடுத்துப் புதியது வையுங்கள். மூடி அலுமினியமென்றால் போல்ற்றை அளவுக்கு மீறி இறுக்கவேண்டாம், வெடித்துவிடும்.

நீர் விடயத்தில் யாழ்ப்பாணத்தவருக்குத் தனியாக ஒன்று. எங்கள் கிணற்று நீர் சுண்ணக்கல் நீர். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றருக்குள்ளும் படியும், வால்வையும் இறுக்கும். கூலன்ற்றையே ஊற்றுங்கள், கலக்க வேண்டியிருந்தால் வடித்த நீர்.

நிரப்பும்போது மூடியைத் திறந்தபடி, ஹீற்றர் இருந்தால் அதையும் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். உள்ளே காற்று தங்கினால் புதிய தேர்மோஸ்ரற்றோடும் கொதிக்கும். அடுத்த சில நாட்கள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, நீர்மட்டத்தைப் பாருங்கள். வெளியே கசிவில்லாமல் தினமும் குறைந்தால் ஹெட் கஸ்கற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.