பல்லின் தோலும் போக்காடும்: ஆங்கில மரபுத்தொடர்களில் வேதாகமம்

ஆலய வரலாற்றை எழுத மூத்தவர்கள் இருக்கிறார்கள். படிக்கிற சபையாருக்கும் அது மனப்பாடம். "கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள், வேதத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்து ஏதாவது எழுதித் தாருங்கள், ஐயா" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கர்த்தருடைய ஆலயத்தின் பெயரால் கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்ல நாவு எழவில்லை.

வேதப் புத்தகத்தை ஒருநாளும் திறந்திராத ஆங்கிலேயன்கூட, மயிரிழையில் தப்பினால் 'பை த ஸ்கின் ஆஃப் மை டீத்' என்கிறான். அது யோபின் பேச்சு (19:20). பிள்ளைகளையும் பொருளையும் இழந்து, எலும்பும் தோலுமாய்ச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது. பல்லுக்கு ஏது தோல் என்று கேட்கலாம். எபிரேயத்தில் அப்படித்தான் இருக்கிறது. 1560இல் வந்த ஜெனீவா வேதாகமம் அதை மாற்றாமல் ஆங்கிலத்தில் இறக்கி வைத்தது, 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பும் அதன்வழியே நடந்தது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள், பற்களை மூடும் அளவுக்குத் தோல் மிஞ்சியது என்று விளக்கிச் சொல்லிவிட்டார்கள். வாசிக்கிறவனுக்கு நம்முடையது தெளிவு. ஆனால் அந்த முரட்டுத்தனம் போய்விட்டது, தெருவில் புழங்க அதுதானே வேண்டும்!

இத்தகைய தொடர்கள் எல்லாம் ஜேம்ஸ் அரசர் காலத்து அறிஞர்கள் தந்த கொடை என்பது பொதுவான எண்ணம். மொழியறிஞர் டேவிட் கிரிஸ்டல் 2010இல் வெளியிட்ட 'பிகாட்' என்ற நூலில் 257 தொடர்களை எண்ணிக் காட்டினார். அவற்றுள் அந்த மொழிபெயர்ப்புக்கு மட்டுமே உரியவை 18தான். மற்றவை முன்னோர்களின் கைப்பொருள். அந்த முன்னோர்களில் முதலில் வணங்கத்தக்கவர் வில்லியம் டிண்டேல்.

ஆக்ஸ்போர்டில் படித்த அவர், வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்க்க லண்டன் பேராயர் டன்ஸ்டலின் ஆதரவை நாடினார். கதவு திறக்கவில்லை. 1524இல் ஜெர்மனிக்குப் போனார். கொலோன் நகரில் அச்சுவேலை பாதியில் தடைப்பட்டது. அச்சான தாள்களோடு தப்பி, வோர்ம்ஸ் நகரில் 1526இல் புதிய ஏற்பாட்டை முடித்தார். பிரதிகள் கடல்வழியே ரகசியமாய் இங்கிலாந்து சேர்ந்தன. பேராயர் அவற்றைக் கொளுத்தச் செய்தார். 1535இல் ஆண்ட்வெர்ப்பில் நண்பன்போல் பழகிய ஒருவன் காட்டிக்கொடுக்க, பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்டே கோட்டையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து லத்தீனில் அவர் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. குளிருக்குக் கதகதப்பான தொப்பி, இருட்டுக்கு ஒரு விளக்கு, இவற்றுக்கெல்லாம் மேலாக எபிரேய வேதாகமமும் இலக்கணமும் அகராதியும் வேண்டும் என்கிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரும்படி சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுலடியார் (2 தீமோத்தேயு 4:13) நினைவுக்கு வராமல் இதைப் படிக்க முடியுமா? 1536 அக்டோபரில் டிண்டேலைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். நமக்கு வேதத்தைத் தமிழில் அச்சிட்டுத் தந்த சீகன்பால்கும் தரங்கம்பாடியில் சிறையிருந்தவரே என்பதைச் சபையார் அறிவார்கள்.

ஆட்சியில் இருப்பவர்களைக் குறிக்க ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் எழுதுவது 'த பவர்ஸ் தட் பி'. ரோமர் 13:1க்கு டிண்டேல் தந்த ஆங்கிலம் அது. அவரைக் கொன்றவர்களுக்கும் அவர் சொல்லே பெயராயிற்று. ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அவர் நடைதான்.

'ஸ்கேப்கோட்' என்ற சொல்லும் அவர் உண்டாக்கியது, 1530இல், லேவியராகமம் 16ஆம் அதிகாரத்துக்காக. அங்கே ஆடுகள் இரண்டு. சீட்டுப் போட்டு ஒன்றைக் கர்த்தருக்குப் பலியிடுகிறான் ஆரோன். மற்றதன் தலையில் இரு கைகளையும் வைத்து, ஜனத்தின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். மூலத்தில் உள்ள 'அசாசேல்' இன்னதென்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தப்பிப்போகிற ஆடு என்று டிண்டேல் கொண்டார், நம் வேதாகமமும் 'போக்காடு' என்கிறது. எவ்வளவு அழகான சொல்! நம் நாளிதழ்களோ, பிறர் குற்றத்தைச் சுமப்பவனைப் 'பலிகடா' என்று எழுதுகின்றன. பலியான கடா வேறு, பாவம் சுமந்து போன கடா வேறு. செய்தியாளர்கள் ஆட்டை மாற்றிப் பிடித்துவிட்டார்கள். ஆங்கிலேயன் மட்டும் யோக்கியனா? பாவ அறிக்கையை விட்டுவிட்டு, பழியை மட்டும் வைத்துக்கொண்டான்.

நான் சொல்லவந்தது இதுதான். தொடரை எடுத்துக்கொண்டவர்கள் கதையின் மறுபாதியை விட்டுவிட்டார்கள். உண்டு குடித்துக் களித்திரு என்பதை விருந்து மேசையில் ஏதோ ஆசீர்வாதம்போல் சொல்கிறார்கள். லூக்கா 12இல் அதைத் தன் ஆத்துமாவுக்குச் சொல்லிக்கொண்டவன் அன்றிரவே செத்துப்போகிற மதிகேடன். அலுவலகக் கூட்டங்களில் முழங்கும் 'எக்ஸ்ட்ரா மைல்' மத்தேயு 5:41. கர்த்தர் அதைச் சொன்னது ரோம ஆதிக்கத்தின் கீழிருந்த கலிலேயாவில். சிப்பாய் ஒருவன் வழிப்போக்கனைப் பிடித்துச் சுமை தூக்க வைக்கலாம். கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல்லே பாரசீக அரசின் அஞ்சல் சேவகர்களின் கட்டாய வேலையிலிருந்து வந்தது. வெட்டிவேலைக்காரன் தானாக நடக்கிற இரண்டாவது மைலுக்கும், மேலாளர் கேட்டு நடக்கிற மைலுக்கும் சம்பந்தமில்லை. சுவரில் எழுத்து, களிமண் பாதம் இரண்டும் தானியேலில் இருந்து வந்தவை, அவற்றை விளக்க வேண்டியதில்லை.

ஒரு மனத்தாங்கலையும் இங்கே இறக்கி வைக்கிறேன். தனக்குத்தானே உதவுகிறவனுக்குக் கடவுள் உதவுவார் என்பதைச் சில பிரசங்கிகள் வேதவசனமாகவே சொல்கிறார்கள். வேதத்தில் அது இல்லை. அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பஞ்சாங்கம் பரப்பிய பழமொழி. சுத்தம் தெய்வபக்திக்கு அடுத்தது என்பதும் வசனமல்ல, ஜான் வெஸ்லியின் பிரசங்கத்தில் வருவது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, ஆங்கிலவழியில் படிக்கும் நம் பிள்ளைகள் மரபுத்தொடர்களைத் தேர்வுக்காக உருப்போடுகிறார்கள். அதிகாரமும் வசனமும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள், வசனத்தின் முன்பின்னையும் வாசிக்க வையுங்கள்.

கடைசியாக, நம் ஆலயம் பெயர் தாங்கி நிற்கும் அப்போஸ்தலருக்கு வருகிறேன். எதையும் நம்பாதவனை ஆங்கிலத்தில் 'டவுட்டிங் தாமஸ்' என்பார்கள். யோவான் 20:25இல் நின்றுவிட்டவர்களின் பேச்சு அது. எட்டு நாள் கழித்து, 28ஆம் வசனத்தில், உயிர்த்தெழுந்தவரை ஆண்டவர் என்றும் தேவன் என்றும் அறிக்கையிட்டவர் அதே தோமாதான். நான்கு சுவிசேஷங்களிலும் சீடர் ஒருவர் வாயிலிருந்து அவ்வளவு வெளிப்படையான அறிக்கை வேறில்லை. அதற்கும் முன்னே, 11ஆம் அதிகாரத்தில், யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, நாமும் போய் அவரோடு மரிப்போம் என்ற கருத்தில் பேசியவரும் இவரே. பரங்கிமலையில் அவர் இரத்தம் சிந்தினார் என்ற நம் முன்னோரின் சாட்சி அந்தப் பேச்சோடு சேர்ந்து நிற்கிறது. அதிலிருந்து ஆங்கிலத்தில் மரபுத்தொடர் எதுவும் பிறக்கவில்லை.