காற்றுத் தூய்மைக்கேட்டைக் கண்காணிக்கும் கருவிகளுக்கான அரசுச் சலுகைகள் (மலேசியா)

ஆலைப் புகையை அளக்கும் கருவிகளை வாங்கிப் பொருத்தும் நிறுவனங்களுக்கு மலேசிய அரசு தரும் ஆதரவு பெரும்பாலும் வருமான வரி வழியாகவே வருகிறது. கட்டாயப்படுத்துவது சுற்றுச்சூழல் துறை. சலுகையைக் கணக்கில் வைப்பது உள்நாட்டு வருமான வரி வாரியம்.

சலுகை, சட்டம் இரண்டில் எது முந்தியது என்பதைப் பினாங்கு காட்டும். பினாங்குத் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் பாரு, பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1970களில் எழுப்பிய புதுநகரம். அதையொட்டிய பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் மண்டலம் 1972இல் தொடங்கியது. இண்டெல், போஷ், ஹித்தாச்சி உள்ளிட்ட முதல் எட்டு நிறுவனங்களைப் பினாங்கில் இன்றும் 'எட்டுச் சாமுராய்கள்' என்பார்கள். வெளிநாட்டு நிறுவனங்களை இழுத்து வந்ததில் வரிவிலக்குக்குப் பெரும் பங்குண்டு. சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்ததோ 1974இல்தான். சலுகை முந்திக்கொண்டது, சட்டம் பின்னால் வந்தது.

1978இன் தூய காற்று விதிகளுக்குப் பதிலாக 2014 ஜூனில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய ஆலைகளுக்கு ஐந்தாண்டு அவகாசம் கிடைத்தது. குறிப்பிட்ட வகை ஆலைகள் புகைபோக்கியில் இடைவிடாது அளக்கும் கருவியைப் பொருத்தி, அளவுகளைச் சுற்றுச்சூழல் துறைக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாளின் சராசரி வரம்பைத் தாண்டக் கூடாது. அரை மணி நேரச் சராசரி வரம்பின் இருமடங்கைத் தாண்டக் கூடாது. பாயான் லெப்பாஸின் மின்னணு ஆலைகளில் பேச்சு பெரும்பாலும் அமில ஆவியைக் கழுவும் ஸ்க்ரப்பர், கரைப்பான் ஆவி பற்றியது. மின்நிலையம், சிமெண்ட், இரும்புருக்கு ஆலைகளின் பெரும்புகை அங்கே கிடையாது.

இத்தகைய கருவியின் ஒரு வகை, புகைபோக்கியில் துளையிட்டுச் செருகிய குழாய் வழியே வாயுவை உறிஞ்சி, கீழேயுள்ள பகுப்பாய்விக்கு அனுப்புகிறது. வழியிலுள்ள குழாயைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். ஆறினால் நீராவி குளிர்ந்து துளியாகும். கந்தக டைஆக்சைடு அதில் கரைந்துவிடும். திரையில் எண் குறைந்து தெரியும். ஆலை உண்மையில் திருந்தியிருக்காது. அளவு தெரிந்த வாயுவை அவ்வப்போது செலுத்திக் கருவியைச் சரிபார்ப்பதும் இதனால்தான். வாங்கும் செலவோடு முடியாத இந்தப் பராமரிப்பைச் சலுகைத் திட்டங்கள் அதிகம் கவனிப்பதில்லை.

சுற்றுச்சூழல் பாதுகாப்புக் கருவிகளின் விலையில் முதல் ஆண்டுப் படியாக 40 விழுக்காட்டையும், ஆண்டுப் படியாக 20 விழுக்காட்டையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். கழிவையும் தூய்மைக்கேட்டையும் கட்டுப்படுத்தும் கருவிகளே இதன் முதன்மைக் குறி. முதல் ஆண்டில் இரண்டு படியும் சேர்வதால் முழுச் செலவையும் மூன்றே ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாம். சாதாரண இயந்திரத்துக்கு இவை 20, 14 விழுக்காடு என்பதால் ஆறு ஆண்டுகள் ஆகும். பத்து லட்சம் ரிங்கிட் கருவியில், 24 விழுக்காடு நிறுவன வரிப்படி மிச்சமாவது இரு வழியிலும் 2,40,000 ரிங்கிட்தான். விரைவுப் படி அந்தத் தொகையைக் கூட்டுவதில்லை, சீக்கிரம் கைக்குக் கொடுக்கிறது. ஆகவே இதை மானியம் என்பதைவிட வட்டியில்லாக் கடன் என்பதே பொருத்தம். வரி கட்டாத நிறுவனத்துக்கு அதுவும் உடனே கிடைக்காது. 'முன்னோடித் தகுதி' என்ற சலுகையால் வருமானத்துக்கு வரிவிலக்குப் பெற்ற ஆலை, பயன்படுத்தாத படியை விலக்குக் காலத்துக்குப் பிந்திய ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம்.

கடன் வழியில், 2010இல் 150 கோடி ரிங்கிட்டோடு பசுமைத் தொழில்நுட்ப நிதித் திட்டம் தொடங்கியது. வட்டியில் 2 விழுக்காட்டை அரசு ஏற்றது. கடனில் 60 விழுக்காட்டுக்கு உத்தரவாதமும் தந்தது. வரி வழியில், பசுமைத் திட்டங்களுக்கான முதலீட்டு வரிப் படி 2014 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

இந்தியா வேறு பாதையில் போனது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் 17 வகைத் தொழில்களுக்கு இணையவழிக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. துகள் மாசை வெளியிடும் உரிமத்தை வாங்கி விற்கும் சந்தை ஒன்றைத் தமிழ்நாடு, குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களில் முயன்று பார்க்க முதலில் எண்ணினார்கள். 2019இல் அது நடைமுறைக்கு வந்தது சூரத்தில். அங்கே குறைவாகப் புகைவிட்ட ஆலை மிச்ச உரிமத்தை விற்கலாம். விற்க வேண்டுமானால் தன் புகையை அளந்தாக வேண்டும். 317 ஆலைகளில் நடந்த ஆய்வு, துகள் வெளியேற்றம் 20 முதல் 30 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது.

மலேசியாவில் பாரம் தண்டனைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. காற்றைக் கெடுத்ததற்கு முன்பு ஒரு லட்சம் ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் 2024 திருத்தத்தால் ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. பழைய தொகை, மேலே கணக்கிட்ட பத்து லட்சக் கருவியின் வரி மிச்சத்தில் பாதிகூட இல்லை.