கல்கத்தாவில் ஒரு புத்தகச் சாலையின் கதை

கல்கத்தா நகரில், ஹூக்ளி நதிக்கரையை ஒட்டிச் செல்லும் ஸ்ட்ராண்ட் வீதியில், உயர்ந்த தூண்கள் வரிசையாய் நிற்கும் பழைய மாளிகை ஒன்று உண்டு. மெட்காஃப் மண்டபம் என்பது அதன் பெயர். பழங்காலக் கிரேக்க ஆலயத்தைப் போலத் தோற்றமளிக்கும் அக்கட்டடத்தில் ஒரு காலத்தில் குடியிருந்தவை புத்தகங்கள். இன்று கல்கத்தாவில் அலிப்பூர்ப் பகுதியில் விளங்கும் தேசிய நூல் நிலையத்தின் முன்னோர் வீடு அது. பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழ நேர்ந்த தமிழராகிய நமக்கும் அந்நூல் நிலையத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது. அது என்ன உறவென்று அறிய, அதன் சரித்திரத்தைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

1835-ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் பொறுப்பை வகித்த சர் சார்லஸ் மெட்காஃப், இந்தியாவில் அச்சகங்களின்மீது இருந்த தளைகளை நீக்கினார். அச்சுக்கு விடுதலை கிடைத்த அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் தேதி, கல்கத்தா நகர மண்டபத்தில் ஒரு கூட்டம் கூடிற்று. நகரத்தாருக்குப் பொதுவான நூல் நிலையம் ஒன்று வேண்டும் என்று அங்கே தீர்மானித்தனர். அடுத்த ஆண்டு, 1836 மார்ச்சில், 'கல்கத்தா பொது நூல் நிலையம்' ஒரு மருத்துவரின் இல்லத்தில் திறக்கப்பெற்றது. ஐரோப்பியரும் இந்தியரும் சேர்ந்தே அதனை வளர்த்தனர்.

பெயர் 'பொது' என்றிருந்தபோதிலும், அதற்குச் சொந்தக்காரர்கள் இருந்தனர். 300 ரூபாயை ஒரே தடவையிலோ மூன்று தவணைகளிலோ செலுத்தியவர் அதன் பங்குதாரர் ஆனார். கவி இரவீந்திரநாத தாகூரின் பாட்டனார் துவாரகநாத தாகூரே முதற் பங்குதாரர். அக்காலத்தில் 300 ரூபாய் என்பது சாமானியக் குமாஸ்தா ஒருவர் கனவிலும் எண்ண முடியாத தொகை. எனினும், ஏழை மாணவர்கள் குறிப்பிட்ட காலம்வரை கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற விதியும் கூடவே இருந்தது. அவ்விதியை எழுதியவர்களை நாம் மறத்தலாகாது. பிற்காலத்தில் அகலத் திறந்த கதவு அன்று சிறிதளவேனும் திறந்தே இருந்தது.

நூல்கள் எங்கிருந்து வந்தன? வில்லியம் கோட்டைக் கல்லூரியின் புத்தகங்களில் 4,675 தொகுதிகளை மெட்காஃப் பிரபு இந்நூல் நிலையத்துக்கு மாற்றிக் கொடுத்தார். கம்பெனியின் ஆங்கில உத்தியோகஸ்தர்களுக்கு இந்திய மொழிகளைக் கற்பிப்பதற்காக 1800-இல் தோன்றிய கல்லூரி அது. மொழிபெயர்ப்பையே நாள்தோறும் தொழிலாகக் கொண்ட எம்போன்றோருக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது. அகராதிக்கும் இலக்கணத்துக்குமாகச் சேர்த்த செல்வமன்றோ ஒரு நகரத்தின் முதல் வாசகர்களுக்குக் கிடைத்தது! அந்நூல்களுக்கிடையே துணை நூலகராகப் பணி தொடங்கிப் பின்னர் நூலகராக உயர்ந்தவர் பியாரி சந்த் மித்திரர். வங்காளத்தில் நாவல் இலக்கியத்துக்கு வழி வகுத்த 'ஆலாலேர் கரேர் துலால்' என்னும் நூலை, மக்கள் பேசும் எளிய நடையில், புனைபெயரில் எழுதியவர் அவரே.

1844-இல் நூல் நிலையம் மெட்காஃப் மண்டபத்தில் குடியேறிற்று. ஆனால் நூற்றாண்டின் இறுதியில் அதன் நிலை தாழ்ந்தது. சந்தா குறைந்தது; வாசகர் வருகையும் குறைந்தது; நூல்கள் பேணுவாரின்றிக் கிடந்தன. அதே சமயத்தில், சர்க்கார் செயலகங்களின் நூல் தொகுதிகளைச் சேர்த்து 1891-இல் 'இம்பீரியல் நூல் நிலையம்' என்ற ஒன்றை அமைத்திருந்தனர். அங்கே பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் உயர்தர அதிகாரிகளுக்கே அனுமதி. ஒன்றில் கதவு திறந்திருந்தது, காசு இல்லை. மற்றொன்றில் காசு இருந்தது, கதவு திறக்கவில்லை. கர்சன் பிரபு இவ்விரண்டையும் இணைத்தார். பங்குதாரர்களின் உரிமைகள் விலைக்கு வாங்கப்பட்டன. 1903 ஜனவரி 30-ஆம் தேதி, அதே மெட்காஃப் மண்டபத்தில், இணைந்த நூல் நிலையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவைப் பற்றி எழுதப்பட்ட நூல் எதுவாயினும் இயன்றவரை இங்கே பார்க்கவும் படிக்கவும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

முதல் நூலகர் ஜான் மக்ஃபார்லேன். அவருக்குப் பின் வந்த ஹரிநாத தே, அப்பதவியை வகித்த முதல் இந்தியர். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளை அறிந்தவர் என்று புகழ்பெற்றவர். 1911-இல், முப்பத்து நான்கு வயதிலேயே, அவர் காலமானார். அவ்வாண்டின் இறுதியில் தலைநகரைத் தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு வெளியாயிற்று. அலுவலகங்கள் பல தில்லிக்குச் சென்றன. புத்தகங்கள் கல்கத்தாவிலேயே தங்கின. 1923-இல் எஸ்பிளனேடுக்கும், இரண்டாம் உலகப் போரின்போது வேறிடத்துக்குமாக அவை இடம் மாறினவேயன்றி நகரத்தை விட்டு நீங்கவில்லை.

சுதந்திரம் வந்தபின், 1948-இல் சட்டத்தின் வாயிலாக 'இம்பீரியல்' என்ற பெயர் போய் 'தேசிய நூல் நிலையம்' என்ற பெயர் வந்தது. முன்னாளில் வங்காளத்தின் லெப்டினென்ட் கவர்னர்கள் வசித்த பெல்வடேர் மாளிகையில், 1953 பிப்ரவரி 1-ஆம் தேதி, கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். விருந்தினர் மட்டுமே நுழைந்த மாளிகையில் வாசகர்கள் நுழைந்தனர்.

நமக்குரிய உறவு இதன்பின்னரே தெளிவாகிறது. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் பதிப்பாளர் தம் செலவிலேயே, வெளியான முப்பது நாட்களுக்குள், கல்கத்தா தேசிய நூல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னைக் கன்னிமாரா நூல் நிலையம், பம்பாய் மத்திய நூல் நிலையம், 1951-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனத்தின் துணையோடு பிறந்த தில்லிப் பொது நூல் நிலையம் ஆகிய மூன்றும் அவ்வாறே பிரதி பெற உரியவை. எண்ணிப் பாருங்கள், நேயர்களே! மதுரையிலோ கோவையிலோ அச்சாகும் தமிழ் நூலுக்குச் சட்டம் நான்கு வீடுகளை அளித்திருக்கிறது. அவற்றுள் மூன்று தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ளவை. இவ்வாறு சேரும் நூல்களைக் கொண்டு, நூலகர் பி. எஸ். கேசவன் காலத்தில், இந்திய தேசிய நூற்பட்டியும் வெளிவரத் தொடங்கிற்று. அதில் தமிழ் நூல்களும் பிற பாரத மொழி நூல்களோடு சரிநிகராக இடம்பெற்றன.

சட்டத்தினால் வந்த நூல்கள் ஒருபுறமிருக்க, அன்பினால் வந்தவையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கியவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. அவர் 1956-இல் மறைந்தார். அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஏறக்குறைய மூவாயிரம் நூல்களும் ஏட்டுப் பிரதிகளும் கல்கத்தா தேசிய நூல் நிலையத்தில் தனித் தொகுதியாகப் பேணப்படுகின்றன. சொல்லுக்குச் சொல் பொருள் தேடிய ஒருவரின் நூல்கள், மொழி பயிற்றிய கல்லூரி ஒன்றின் நூல்களில் தொடங்கிய இல்லத்திலேயே வந்து சேர்ந்தமை பொருத்தமே.

வெளிமாநிலத் தமிழர் இல்லங்களில் நாம் காணும் நிலை ஒன்றுண்டு. பெற்றோர் தமிழில் படிக்கிறார்கள். பிள்ளைகள் தமிழில் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேரக்குழந்தைகளுக்கு அதுவும் அருகிவிடுகிறது. ஊரில் இருந்தால் கன்னிமாராவுக்குப் போயிருப்போம், இங்கே தமிழ்ப் புத்தகத்துக்கு எங்கே போவது என்ற குறையைப் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். கல்கத்தாவிலும் தில்லியிலும் பம்பாயிலும் வாழ்வோர் அவ்வாறு சொல்வதற்கில்லை. பழைய கல்கத்தா பொது நூல் நிலையம் நலிவுற்றது நூல்கள் குறைந்ததனால் அன்று. அவற்றைக் கேட்டு வருவோர் குறைந்ததனால் என்பதை அதன் சரித்திரம் காட்டுகிறது. தமிழ் அடுக்குகளுக்கும் அந்த நிலை வரக்கூடும். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நம் நகரத்துப் பொது நூல் நிலையத்துக்குச் செல்வோம். அங்குள்ள பணியாளரிடம் ஒரு தமிழ் நூலின் பெயரைச் சொல்லிக் கேட்போம். இருந்தால் எடுத்துத் தருவார். இல்லையெனில், கேட்டவர் ஒருவர் உண்டு என்பதையேனும் அறிந்துகொள்வார். இன்று அந்நூல்களுக்கு நாமும் சொந்தக்காரர்கள். 300 ரூபாய் பங்குத்தொகை இப்போது தேவையில்லை.