அட்டைகளை முடிக்காமல் இணையம் இல்லை: மனப்பாடத்துக்குக் காவல் நிற்கும் மென்பொருள்கள்

நினைவட்டைகளைக் கொண்டு படிப்பதற்காக உருவாக்கப்பட்ட மென்பொருள்களுக்குப் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. எந்த அட்டையை எந்த நாளில் மீண்டும் காட்ட வேண்டும் என்பதை அவை துல்லியமாகக் கணக்கிடுகின்றன. ஆனால், அந்த நாளில் மாணவரை அவற்றின் முன் அமர வைக்க அவற்றால் இயலாது. அதே கணினியில், அதே திரையில், யூடியூபும் முகநூலும் ஒரு சொடுக்குத் தொலைவில் காத்திருக்கின்றன. இதற்குத் தீர்வாக, அன்றைய அட்டைகளைப் படித்து முடிக்கும் வரை கவனத்தைச் சிதறடிக்கும் இணையதளங்களைப் பூட்டி வைக்கும் முறை உருவாகியுள்ளது. தேர்வுக்குத் தயாராவோருக்கு இது எந்த அளவுக்குக் கைகொடுக்கும், எங்கே ஏமாற்றும் என்பதை அறிந்துகொண்ட பின்னரே இதனைக் கையாள்வது நல்லது.

இந்தியாவில் இக்கேள்வி சிறியதன்று. இளநிலை மருத்துவப் படிப்புகளுக்கான நீட் தேர்வுக்கு 2024ஆம் ஆண்டில் சுமார் 24 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். அத்தேர்வின் 180 வினாக்களில் 90 உயிரியல் பாடத்தைச் சேர்ந்தவை. சரியான விடைக்கு 4 மதிப்பெண்கள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைக்கப்படும். அரைகுறையாக நினைவில் இருப்பது, முற்றிலும் மறந்ததைவிட ஆபத்தானதாக மாறும் தேர்வு இது.

ஒரு வாரம் விட்டால் என்ன ஆகும்?

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்துறையின் தொடக்கப் புள்ளி. பொருளற்ற அசைகளின் பட்டியல்களைத் தாமே மனப்பாடம் செய்து, சிறிது காலம் கழித்து அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அவர் அளந்தார். சுமார் 20 நிமிடங்களுக்குப் பிறகு 58 சதவீதம் மிச்சமானது. ஒரு நாளுக்குப் பிறகு அது 34 சதவீதமாகவும், 31 நாள்களுக்குப் பிறகு 21 சதவீதமாகவும் குறைந்தது. மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. பின்னர் மெல்ல அரிக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் இச்சோதனையை மீண்டும் செய்து பார்த்தபோதும் ஏறத்தாழ இதே வளைவு கிடைத்தது.

மறக்கும் தறுவாயில் ஒரு முறை நினைவுகூர்ந்தால், அடுத்த மறதி தள்ளிப்போகும் என்பதே நினைவட்டை முறையின் அடிப்படை. செபாஸ்டியன் லைட்னர் 1970களில் அட்டைப் பெட்டிகளைக் கொண்டு இதனைப் பரப்பினார். போலந்து நாட்டு மாணவராக இருந்த பியோத்ர் வோஸ்னியாக் 1987ஆம் ஆண்டில் 'சூப்பர்மெமோ' என்ற கணினி நிரலாக இதனை எழுதினார். இன்று பரவலாக அறியப்படும் 'ஆன்கி' மென்பொருளை டேமியன் எல்மெஸ் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இது கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஐபோன் செயலிக்கு மட்டும் கட்டணம் உண்டு. தமிழ் எழுத்துகளையும் இடையூறின்றி ஏற்கும்.

ஆன்கியின் இயல்புநிலை அமைப்பில் நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகளும், அதிகபட்சம் 200 மீள்பார்வை அட்டைகளும் காட்டப்படும். இந்தப் பத்து மடங்கு விகிதத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இன்று எளிதாகச் சேர்க்கும் 20 அட்டைகள், வரும் வாரங்களில் திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டும் கடன்கள். நாள்தோறும் 100 அட்டைகள் வந்துசேரும் நிலையில் உள்ள ஒருவர் ஒரு வாரம் விட்டுவிட்டால், எட்டாம் நாள் பல நூறு அட்டைகள் குவிந்திருக்கும். அவற்றில் பலவும் அதற்குள் மறந்துபோயிருக்கும். அந்த எண்ணிக்கையைக் கண்ட மாத்திரத்தில் மென்பொருளை மூடி வைத்துவிட்டு, பிறகு அதன் பக்கமே திரும்பாதவர்கள் ஏராளம். இம்முறையில் தோல்வி என்பது பெரும்பாலும் புரியாமையால் வருவதன்று. விடுபட்ட நாள்களால் வருவது.

இரண்டு வகைப் பூட்டுகள்

கவனச் சிதறலைத் தடுக்கும் மென்பொருள்களில் பழையவை நேரத்தை அடிப்படையாகக் கொண்டவை. அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த ஃபிரெட் ஸ்டட்ஸ்மன் 2008ஆம் ஆண்டில் 'ஃப்ரீடம்' மென்பொருளை வெளியிட்டார். குறிப்பிட்ட நேரத்துக்கு இணைய இணைப்பையே துண்டிப்பதுதான் அதன் தொடக்ககாலப் பணி. மேக் கணினிகளுக்கான 'செல்ஃப்கன்ட்ரோல்' இன்னும் கண்டிப்பானது. நேரத்தைக் குறித்துத் தொடங்கிவிட்டால், கணினியை அணைத்துப் போட்டாலும், மென்பொருளையே நீக்கினாலும், குறித்த நேரம் முடியும் வரை தடை விலகாது. கனடாவில் உருவான 'கோல்ட் டர்க்கி', தேவைப்பட்டால் கணினி முழுவதையும் பூட்டிவிடும் வசதியைத் தருகிறது.

இவை அனைத்திலும் ஒரே குறை. இரண்டு மணி நேரம் யூடியூப் திறக்காது என்பதால் மட்டும் அந்த இரண்டு மணி நேரத்தில் படிப்பு நடந்துவிடாது. கதவு பூட்டிய அறையிலும் உறங்கலாம்.

இரண்டாவது வகை, வேலையை அடிப்படையாகக் கொண்டது. நேரம் முடிவதால் இங்கே பூட்டு திறப்பதில்லை. அட்டைகள் முடிவதால் திறக்கிறது. இதன் பின்னணியில் உள்ள கருத்தை அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிரீமக் ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன்பே வகுத்தார். ஒருவர் தாமாக விரும்பிச் செய்யும் செயலை, அவர் தயங்கும் செயலுக்கான பரிசாக்கினால், தயங்கும் செயல் கூடுதலாக நடைபெறும் என்றார் அவர். சோற்றை முடித்தால்தான் பாயசம் என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தொழில்நுட்ப அளவில் இது வியப்பூட்டும் அளவுக்கு எளிது. ஆன்கியுடன் 'ஆன்கிகனெக்ட்' என்ற கட்டணமில்லாத கூடுதல் நிரலை இணைத்தால், அதே கணினியில் இயங்கும் வேறு நிரல்கள் ஆன்கியிடம் கேள்வி கேட்க முடியும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை, இன்று எத்தனை அட்டைகள் படிக்கப்பட்டன என்று ஒரு சிறு காவல் நிரல் கேட்கிறது. போதிய எண்ணிக்கை வராத வரை, கணினியின் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் தடை நீடிக்கும். இணையதளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும்போது கணினி பார்க்கும் உரைக்கோப்பு அது. யூடியூபின் பெயருக்கு நேராக 127.0.0.1 என்று எழுதிவிட்டால், கோரிக்கை அதே கணினிக்குத் திரும்பி வந்துவிடும், பக்கம் திறக்காது. எண்ணிக்கை எட்டப்பட்டதும் அந்த வரி நீக்கப்படும். நிரலாக்கம் ஓரளவு அறிந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடக்கூடிய நிரல்தான்.

பணத்தைப் பிணையாக வைக்கும் வழியும் உண்டு. 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'பீமைண்டர்' சேவையில் பயனர் ஓர் இலக்கைக் குறிக்க வேண்டும். தவறினால் 5 டாலர், மீண்டும் தவறினால் 10, அதன் பின் 30 என அபராதம் ஏறிச் செல்லும். ஆன்கியின் கணக்கை நேரடியாக அதற்கு அனுப்பும் வசதியும் உள்ளது. மாதச் செலவுக்கு வீட்டை நம்பியிருக்கும் மாணவருக்கு இதனைப் பரிந்துரைப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

ஆய்வு சொல்வது என்ன?

இத்தகைய கருவிகள் உண்மையில் பயன்தருகின்றனவா என்பதற்கு நேரடியான சான்று ஒன்று உள்ளது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பாடம் ஒன்றில் சேர்ந்த 657 மாணவர்களைக் கொண்டு ரிச்சர்ட் பேட்டர்சன் நடத்திய ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு பிரிவினர், கவனம் சிதறடிக்கும் தளங்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு நேரம்தான் என்று முன்கூட்டியே வரம்பு வைத்துக்கொண்டனர். இன்னொரு பிரிவினருக்கு நேரத்தை நினைவூட்டும் அறிவிப்பு மட்டும் வந்தது. மூன்றாம் பிரிவினருக்கு, பாடத்தைத் திறக்கும்போது மற்றத் தளங்களைத் தடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வழங்கப்பட்டது. முன்கூட்டியே வரம்பு வைத்தவர்கள் பாடத்தில் 24 சதவீதம் கூடுதல் நேரம் செலவிட்டனர். பாடத்தை முடிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு 40 சதவீதம் அதிகமாக இருந்தது. மற்ற இரு பிரிவினரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை.

மூன்றாம் பிரிவின் முடிவே இங்கு முக்கியமானது. படிக்க அமர்ந்த பிறகு தடுப்பதால் பயனில்லை. ஏனெனில் படிக்க அமர்வதே சிக்கல். தெளிந்த மனநிலையில் இருக்கும்போது முடிவெடுத்து, சபலம் வரும் வேளைக்கு முன்பே கதவைச் சாத்தியவர்களுக்குத்தான் பலன் கிட்டியது. அட்டைகளோடு பிணைக்கப்பட்ட பூட்டு இந்த இலக்கணத்துக்குப் பொருந்துகிறது. எனினும், அந்த ஆய்வு நினைவட்டைகளைப் பற்றியதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பூட்டை ஏமாற்றும் விரல்

இம்முறையின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. ஆன்கியில் இடைவெளி விசையை ஒரு முறை அழுத்தினால் விடை தெரியும்; மறுமுறை அழுத்தினால் 'நன்றாக நினைவிருந்தது' என்று பதிவாகும். யூடியூபைத் திறக்கும் அவசரத்தில் இருப்பவர், எதையும் படிக்காமலேயே சில நிமிடங்களில் 200 அட்டைகளைக் கடந்துவிட முடியும். பூட்டு திறந்துவிடும். காவல் நிரல் அழுத்தங்களை எண்ணுகிறதே தவிர, நினைவை எண்ணுவதில்லை.

வழக்கமான சோம்பலைவிட இது மோசமானது. படிக்காமல் விட்ட அட்டை நாளையும் வரும். பொய்யாக 'நினைவிருந்தது' என்று பதிவான அட்டையோ பல வாரங்களுக்கு, சில வேளைகளில் பல மாதங்களுக்குத் தள்ளிப்போகும். அது மறந்துபோனது தேர்வறையில்தான் தெரியவரும். 2023ஆம் ஆண்டில் ஆன்கியில் சேர்க்கப்பட்ட 'எஃப்எஸ்ஆர்எஸ்' கணக்கீட்டு முறை, பயனரின் பழைய பதிவுகளிலிருந்தே அவரது மறதியின் போக்கைக் கற்றுக்கொள்கிறது. பொய்ப் பதிவுகள் அந்தக் கணக்கீட்டையும் திசைதிருப்பிவிடும். மறந்த அட்டைக்கு 'கடினம்' என்ற பொத்தானை அழுத்துவதும் இதே தவறுதான். ஆன்கியின் கணக்கில் 'கடினம்' என்பது சிரமப்பட்டேனும் நினைவுக்கு வந்தது என்று பொருள்படும்.

எனவே பூட்டின் நிபந்தனையைத் தளர்வாக அமைப்பதே அறிவுடைமை. மீதமுள்ள அட்டைகள் அனைத்தும் முடிந்தாக வேண்டும் என்று வைத்தால், ஆயிரம் அட்டைகள் தேங்கிய நாளில் கதவு திறக்கவே திறக்காது. விரல் தானாக இடைவெளி விசைக்குப் போகும், அல்லது மென்பொருளே நீக்கப்படும். மிக மோசமான நாளிலும் முடிக்கக்கூடிய ஓர் எண்ணிக்கையை, 50 அட்டைகள் என்பது போல, வைப்பது நல்லது. ஒவ்வோர் அட்டைக்கும் செலவான நேரத்தையும் ஆன்கி பதிவு செய்கிறது. சராசரி ஒரு விநாடிக்குக் குறைந்தால் பூட்டு திறக்காதபடி நிரலில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

எத்தனை முறை படித்தாலும் மனத்தில் தங்காத அட்டைகளும் உண்டு. எட்டு முறை தவறிய அட்டையை 'லீச்' என்று பெயரிட்டு ஆன்கி ஒதுக்கி வைக்கும். உறிஞ்சிக் குடிக்கும் அட்டைப்பூச்சி என்பது அதன் பொருள். உலாவியில் தளங்களைத் தடுக்கும் 'லீச்பிளாக்' என்ற நீட்சியும் அதே உயிரினத்தின் பெயரையே சூடியுள்ளது. இரண்டையும் 'அட்டை' என்ற ஒரே சொல்லால் அழைக்கும் வாய்ப்பு தமிழுக்கு மட்டும் வாய்த்திருக்கிறது. சொல் வேடிக்கை ஒருபுறம் இருக்க, அத்தகைய அட்டைகளைத் திருத்தி எழுதுவதே முறை. ஓர் அட்டையில் ஒரு செய்திக்கு மேல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். பூட்டுக்குப் பயந்து அவற்றோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

தடுக்கக் கூடாதவை

இணையத்தை முழுமையாகத் துண்டிக்கும் முறை நம் சூழலுக்கு ஒத்துவராது. தேர்வு நுழைவுச்சீட்டு, கட்டண இறுதி நாள், வங்கிப் பரிவர்த்தனை என அனைத்தும் இணையத்துக்கு வந்துவிட்டன. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் பெயர் சொல்லித் தடுப்பதே பாதுகாப்பானது. ஆன்கியின் ஒத்திசைவுத் தளம் தடைப் பட்டியலில் இடம்பெறக் கூடாது. பேருந்தில் செல்லும்போது கைப்பேசியில் முடித்த அட்டைகள், ஒத்திசைவு நடந்தால்தான் கணினிக்குத் தெரியவரும். இல்லையேல் வேலையை முடித்தவரும் பூட்டின் வெளியே நிற்க நேரிடும். உலாவி நீட்சிகளை நம்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றின் மறைமுகச் சாளரங்களில், பயனர் தனியாக அனுமதி தராவிட்டால் நீட்சிகள் இயங்குவதில்லை.

நினைவட்டைகளுக்குப் பொருந்தாத பாடங்களும் உண்டு. உயிரியல் பெயர்கள், அரசமைப்புச் சட்டப் பிரிவுகள், ஆண்டுகள், அயல்மொழிச் சொற்கள் ஆகியவற்றுக்கு இது பொருத்தமான முறை. இயற்பியல் கணக்கைப் போட்டுப் பழகுவதற்கு அட்டை மாற்றாகாது. அட்டைகளை முடித்தவுடன் கதவு திறந்துவிடுவதால், அன்றைய படிப்பே முடிந்துவிட்டது என்ற மயக்கமும் ஏற்படக்கூடும்.

கணினியில்லாத மாணவர்களுக்குக் கைப்பேசியே கருவி, அதுவே சிதறலும் ஆகும். ஆண்ட்ராய்டின் 'டிஜிட்டல் வெல்பீயிங்' வசதியில் ஒவ்வொரு செயலிக்கும் நாள் வரம்பு வைக்கலாம். அதனை வைத்தவரே நீக்கிவிடவும் முடியும் என்பதால் அது பூட்டு என்பதைவிடத் தாழ்ப்பாள் என்பதே பொருந்தும். அமெரிக்காவில் சுமார் 2,000 ஆண்ட்ராய்டு பயனர்களிடம் நடத்தப்பட்டு 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், தாமே வைத்துக்கொண்ட வரம்புகளால் சமூக ஊடகம் உள்ளிட்ட சில செயலிகளின் பயன்பாடு சுமார் 16 சதவீதம் குறைந்தது. தாழ்ப்பாளுக்கும் ஓரளவு பலன் உண்டு.

ஒரு சிறு முரண்பாட்டை மட்டும் தொடக்கத்திலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். கைப்பேசியின் நாள் வரம்பு நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும். ஆன்கியின் நாளோ, இயல்புநிலையில், அதிகாலை 4 மணிக்குத்தான் மாறும். இரவில் கண்விழித்துப் படிப்பவருக்கு, முந்தைய நாளின் அட்டைகள் மீதமிருக்கும்போதே யூடியூப் திறந்துகொள்ளும் நான்கு மணி நேரம் அது. ஆன்கியின் விருப்ப அமைப்புகளில், அடுத்த நாள் தொடங்கும் நேரத்தைப் பூஜ்யம் என்று மாற்றினால் இரண்டும் ஒரே வேளையில் புதுப்பிக்கப்படும்.