விருப்பாச்சியில் எட்டு ஆண்டுகள்

மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயிலைச் சோழர் காலத்தோடு சேர்த்தே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். தூங்கானை மாடக் கருவறையைச் சுற்றி வந்து, தூண் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, இந்த ஊர் கண்ட வரலாறு அத்தனையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது என்னும் எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் 1780ஆம் ஆண்டைப் பற்றியும் இங்கே நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அவ்வாண்டு ஜூலையில் ஹைதர் அலியின் பெரும்படை மலைக்கணவாய்களைக் கடந்து கருநாடகச் சமவெளியில் இறங்கிற்று. அதன் குதிரைப் படைகள் பரங்கிமலைச் சுற்றுப்புறம் வரை வந்து சூறையாடின. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அண்மையில் இருந்தும் உதவிக்குச் செல்லாத ஹெக்டர் மன்றோ, பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். அங்கிருந்து சென்னைக்கு விரைந்தார். செங்கற்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் இடைப்பட்ட நிலந்தான் நம்முடைய வண்டலூரும் தாம்பரமும் மாடம்பாக்கமும்.

இந்த ஊர்களுக்கு அச்சத்தைக் கொண்டுவந்த அதே போர், தெற்கே ஒரு பெண்ணுக்கு வீடு திரும்பும் வழியைத் திறந்துவிட்டது. எட்டு ஆண்டுகளாகத் தன் நாட்டுக்கு வெளியே காத்திருந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியாரைத்தான் குறிப்பிடுகிறோம்.

அவருடைய கதையைத் தமிழர் அறியாதவர் அல்லர். வாளேந்திய உருவத்தை மேடையிலும் சுவரொட்டியிலும் பார்க்கிறோம். 2008ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. ஆயினும் நம் நூல்களில் பெரும்பாலானவை 1772இல் அவர் தப்பிச் சென்றதைச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியிலேயே 1780இல் அவரைப் படையோடு திரும்ப அழைத்து வந்துவிடுகின்றன. இடையில் கழிந்த எட்டு ஆண்டுகளுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. அந்த ஒரு வரியில்தான் வேலு நாச்சியார் என்னும் ஆளுமை உருவாயிற்று என்பது நம் எண்ணம்.

இராமநாதபுரம் மன்னர் செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதியின் மகள் அவர். பிறந்த ஆண்டு 1730 என்பது வழக்கு. உடன்பிறந்த ஆண்மக்கள் இல்லாததால் ஆண்வாரிசு போலவே குதிரையேற்றமும் வாட்பயிற்சியும் சிலம்பமும் கற்பிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். 1746இல் சிவகங்கையின் முத்துவடுகநாதப் பெரிய உடையாத் தேவருக்கு மனைவியானார். கணவர் அரசராக இருந்த காலத்தில் அவர் பட்டத்து ராணி. ஆட்சி கணவருடையது, நிர்வாகம் பிரதானி தாண்டவராய பிள்ளையுடையது. ராணி அறிவாளியாகவே இருந்திருப்பார். ஆனால் அந்த அறிவைக் கொண்டு நாட்டை நடத்தவேண்டிய தேவை அவருக்கு நேரவில்லை.

1772ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்த வாழ்க்கையை முடித்துவைத்தது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, கிழக்கிந்தியக் கும்பெனியின் துணையோடு மறவர் சீமைகள் இரண்டின்மேலும் படை அனுப்பினார். மாதத் தொடக்கத்திலேயே இராமநாதபுரம் கோட்டை விழுந்தது. இளஞ்சேதுபதியும் ஆட்சியை நடத்திவந்த அவருடைய தாயாரும் கைதிகளாகத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஜூன் 25 அன்று ஜோசப் ஸ்மித்தின் படை ஒரு புறமும் பான்சோரின் படை மறுபுறமுமாகக் காளையார்கோயிலைத் தாக்க, முத்துவடுகநாதர் களத்தில் வீழ்ந்தார். இளைய ராணி கௌரி நாச்சியாரும் அவரோடு மடிந்ததாக மரபு கூறும். சிவகங்கைக்கு உசேன் நகர் என்று புதுப்பெயர் இடப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் வேலு நாச்சியாரின் நிலை விளங்கும். கணவனை இழந்த பெண்ணுக்கு நம் சமூகம் விட்டுவைத்த ஒரே போக்கிடம் பிறந்த வீடு. அவருக்கோ பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே மாதத்தில் எதிரியின் கைக்குப் போயின. அவர் முன் இருந்த வழிகள் மூன்று. சரணடைந்தால் திருச்சியில் இருந்த சேதுபதி குடும்பத்தைப் போல நவாபின் கைதியாகலாம். இரண்டாவது வழி தீ. அது வெறும் பேச்சன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழவன் சேதுபதி மறைந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாக அக்காலத்து ஏசு சபைப் பாதிரியாரின் கடிதம் சொல்கிறது. அந்தக் குலத்தில் பிறந்த பெண் அவர். மூன்றாவது வழி, பிழைத்திருப்பது.

பிழைத்திருப்பதை நாம் வீரமாக எண்ணுவதில்லை. களத்தில் வீழ்ந்தவருக்கு நடுகல் எடுப்போம். தீயில் இறங்கியவளுக்கு மாலையீடு என்று கோயில் கட்டுவோம். உயிரோடு இருக்கத் துணிந்தவளுக்கு நம் மரபில் கல் இல்லை. சுமார் நாற்பத்திரண்டு வயதில், மகள் வெள்ளச்சி நாச்சியாரோடு, தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் துணைவர, மேற்கு நோக்கி அவர் புறப்பட்டதுதான் அவர் வாழ்வின் முதல் அரசியல் முடிவு. அந்த முடிவை அவருக்காக எடுக்கக் கணவரோ தந்தையோ அப்போது இல்லை.

அவரைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர்துறந்த உடையாள் என்னும் பெண்ணின் கதை கொல்லங்குடிப் பக்கத்தில் இன்றும் வழங்குகிறது. வெட்டுடையார் காளி கோயிலோடு மக்கள் அதனை இணைத்துப் பேசுகிறார்கள். இதற்கு ஆவணச் சான்று கேட்பவர்கள் கேட்கட்டும். தப்பிச் செல்லும் அரசி ஒருத்தியின் பின்னால் பெயரற்ற எளிய பெண்கள் பலர் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை மக்கள் நினைவில் வைத்திருக்கும் முறை அது.

போய்ச் சேர்ந்த இடம் விருப்பாச்சி. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில், ஒட்டன்சத்திரத்தை அடுத்து, மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். இன்று மலைவாழையால் அறியப்படுவது. அன்று கோபால நாயக்கரின் பாளையம். சிவகங்கையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். நீர்வளம் குறைந்த, கண்மாயை நம்பிய சீமையிலிருந்து மலைச்சரிவுக்கு வந்தவர்களுக்கு நிலமும் புதிது. அடைக்கலம் தந்தவர்களின் வீட்டு மொழியும் வேறு. திண்டுக்கல் கோட்டை மைசூரின் கையில் இருந்ததால் நவாபின் கை அங்கு நீளவில்லை. இந்தப் பாதுகாப்பைத்தான் அவர்கள் நாடி வந்தார்கள்.

1772 டிசம்பர் 8ஆம் நாளிட்டு ஹைதர் அலிக்கு ஒரு கடிதம் சென்றது. 5000 குதிரை வீரர்களும் 5000 காலாட்களும் தந்து உதவ வேண்டும் என்பது வேண்டுகோள். கடிதம் ராணியின் சார்பில் எழுதப்பட்டது. எழுதியவர் தாண்டவராய பிள்ளை. இதனை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். நாட்டை இழந்து ஆறு மாதங்கள் ஆகியும் அரசியின் குரல் அமைச்சரின் எழுத்தாணி வழியேதான் வெளிவந்தது. நெடுங்காலம் சிவகங்கையைக் கட்டிக்காத்த அந்தப் பெரியவர், நாடு மீள்வதைக் காணாமலே புகலிடத்தில் மறைந்தார். அவருக்குப் பின் ராணிக்காகப் பேசும் வாய் வேறு இல்லை. திண்டுக்கல்லில் ஹைதரை நேரில் கண்டு, உருது மொழியிலேயே தம் வழக்கை எடுத்துரைத்து அவரை வியக்க வைத்தார் என்று செவிவழிச் செய்தி உண்டு. அந்தச் சந்திப்பு எப்படி நிகழ்ந்திருந்தாலும், அந்தப்புரத்தில் அணிகலன்போலக் கற்ற கல்வி புலம்பெயர்ந்த இடத்தில் பிழைக்கும் கருவியாயிற்று என்பதையே அச்செய்தி உணர்த்துகிறது.

கேட்ட படை ஏன் உடனே வரவில்லை? ஹைதர் அப்போதுதான் மராத்தியரிடம் தோற்று மண்ணையும் பொன்னையும் கொடுத்திருந்தார். 1769இல் சென்னையில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கும்பெனி துணைக்கு வரும் என்று எதிர்பார்த்து ஏமாந்திருந்தார். மாதவராவ் பேஷ்வா 1772 நவம்பரில் இறந்த பிறகு, இழந்த நிலத்தை வடக்கே மீட்பதில் அவருடைய ஆண்டுகள் கழிந்தன. சிவகங்கை அவருடைய கணக்கில் கடைசி வரி. பிறகு எங்கோ அமெரிக்காவில் குடியேற்ற மக்கள் இங்கிலாந்துக்கு எதிராக எழுந்தார்கள். 1778இல் பிரான்சு அவர்கள் பக்கம் சேர்ந்தது. அதனால் இந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் இடங்களை ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். 1779இல் மலையாளக் கரையின் மாகியும் வீழ்ந்தது. ஹைதருக்குப் போர்த்தளவாடங்கள் வந்துகொண்டிருந்த துறைமுகம் அது. அவருடைய சினம் 1780 ஜூலையில் கருநாடகத்தின்மேல் பாய்ந்தது. நவாபும் கும்பெனியும் தலைநகரைக் காக்கத் திணறிய வேளையில் தெற்கே பிடி தளர்ந்தது.

வாய்ப்பு வந்தது உலகச் சூழலால்தான். ஆனால் அது வந்தபோது கையில் எடுத்துக்கொள்ள ஆள் வேண்டுமே! எட்டு ஆண்டுகள் என்பது கூட வந்தவர்கள் கலைந்து போகப் போதுமான காலம். ஊர் நினைவு மங்கவும், புது ஆட்சியோடு சமாதானம் செய்துகொள்ளவும் போதுமான காலம். நாடில்லாத ராணியிடம் கொடுப்பதற்கு மானியமில்லை, பட்டமில்லை. அப்படியிருந்தும் மருது சகோதரர்களும் சிவகங்கைக் குடிகளும் அவர் பெயரைச் சொல்லித் திரண்டார்கள். அரண்மனையிலிருந்து கிடைத்த அதிகாரம் காளையார்கோயிலோடு போய்விட்டது. இந்த அதிகாரம் அவரே ஈட்டியது. அரசு என்பது கோட்டையோ கருவூலமோ அன்று, மனிதர் ஒருவரை ஒருவர் நம்பும் உறவு என்பதை அவர் விருப்பாச்சியில் கற்றிருக்க வேண்டும். மறவர் குலத்து அரசியை, நாயக்கர் பாளையத்தில், இசுலாமியத் தலைவர் ஒருவர் காத்தார். அவருடைய நாட்டைப் பறித்தவரும் இசுலாமிய நவாபே. சமயத்தை வைத்து இந்த வரலாற்றை எழுத முயல்வோர் இந்த ஒரு முடிச்சிலேயே சிக்கிக்கொள்வார்கள்.

1780இல் மைசூரின் உதவியோடு சிவகங்கை மீட்கப்பட்டது. கோயில் விழாக் கூட்டத்தோடு பெண்கள் படை நுழைந்ததும், குயிலி தன் உடலில் தீயிட்டு ஆயுதக் கிடங்கை அழித்ததும் இன்று பரவலாகச் சொல்லப்படுகின்றன. ஆய்வாளர்களிடையே இது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. நாம் இதனை மக்கள் மரபாகவே இங்குக் குறிக்கிறோம்.

திரும்பி வந்தபின் எல்லாம் இனிதாகவும் முடியவில்லை. பெரிய மருது படையையும் சின்ன மருது பிரதானிப் பொறுப்பையும் ஏற்றார்கள். நாளடைவில் நாட்டின் உண்மையான அதிகாரம் அவர்களிடம் சேர்ந்தது. அரண்மனைக்குள் கட்சிகள் உண்டாயின. 1789இல் கும்பெனிப் படை மீண்டும் சிவகங்கைக்குள் வந்தது. பின்னர் வெள்ளச்சி நாச்சியாரின் கணவர் வேங்கண் பெரிய உடையாத் தேவர் பட்டத்துக்கு வந்தார். 1796 டிசம்பர் 25 அன்று வேலு நாச்சியார் காலமானார். புகலிடத்தில் ஒன்றாக இருந்தவர்கள் வெற்றிக்குப் பின் பிரிந்துபோவது எந்நாட்டு வரலாற்றிலும் காண்பதுதான். அதை மறைத்து எழுதினால் அவர் சிலையாகிவிடுவார், மனுஷியாக இருக்கமாட்டார்.

ஆனால் விருப்பாச்சி வீணாகவில்லை. 1800–1801இல் கும்பெனிக்கு எதிராகத் தென்னாட்டுப் பாளையங்கள் கூட்டாக எழுந்தபோது, திண்டுக்கல் பக்கத்தில் அதற்குத் தலைமை தாங்கியவர் அதே விருப்பாச்சிக் கோபால நாயக்கர். சிவகங்கையில் தலைமை தாங்கியவர்கள் அதே மருது சகோதரர்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கைம்பெண்ணுக்குக் கொடுத்த அடைக்கலத்தில் முளைத்த உறவு, கூட்டணியாக வளர்ந்திருந்தது. கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். மருதிருவரும் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

கும்பெனியும் 1772லிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டிருந்தது. துரத்தப்பட்ட பகைவன் நடந்து திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கக் கூடாது என்பதே அது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்ட 70க்கும் மேற்பட்டோரில், வேலு நாச்சியாரின் மருமகன் வேங்கண் பெரிய உடையாத் தேவரும் இருந்தார். சின்ன மருதுவின் மகனான சிறுவன் துரைச்சாமியும் இருந்தான். மாமியாருக்கு மலையடிவாரமும் கதவு திறந்த ஒரு பாளையக்காரரும் இருந்தார்கள். மருமகனுக்குக் கடல்தான் இருந்தது. அவர் சிவகங்கைக்குத் திரும்பவேயில்லை.

இன்று பழனிக்குச் செல்லும் பேருந்தில் விருப்பாச்சியைக் கடக்கும் நம்மில் பலர் அந்தப் பெயரை வாழைத்தாரோடு மட்டுமே நினைவில் கொள்கிறோம். அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது, தெற்கே தெரியும் மலையைச் சற்று நேரம் பார்க்கலாம். எட்டு ஆண்டுகள் ஒரு தாயும் மகளும் அந்த மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.