ஒரு விண்ணப்பத் தாளின் கதை



சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் கிளமெண்டி என்றொரு அடுக்குமாடி வீட்டு நகரம் உண்டு. தேர்தல் நாளில் அங்குள்ள தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே வரிசையில் நின்று வாக்களிக்கிறார்கள். அந்த வரிசையில் தமிழருக்கு இடம் தானாக வந்துவிடவில்லை. அது வந்த வழியை இன்று பார்ப்போம்.

போருக்கு முந்திய சிங்கப்பூரில் நம்மவர் பலர் துறைமுகத்திலும் நகரசபையிலும் உடலுழைப்பு வேலை செய்தார்கள். "நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவோம்" என்பதே பலருடைய எண்ணம். அவர்களிடையே 1924இல் திருவாரூரிலிருந்து வந்து சேர்ந்தவர் கோ. சாரங்கபாணி. 1929இல் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935 ஜூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' வெளிவந்தது. கள்ளை விடுங்கள், சாதியை மறவுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதே இந்த இயக்கத்தின் பேச்சு. சாரங்கபாணி சொன்னதைச் செய்தும் காட்டினார். 1937இல் லிம் பூன் நியோ என்னும் சீனப் பெண்மணியை மணந்தார்.

போருக்குப் பின் புதியதொரு கேள்வி எழுந்தது: நாம் எந்த நாட்டு மக்கள்? 1957இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தது. வெளியே பிறந்து இங்கே பல ஆண்டு வாழ்ந்தவர்கள் விண்ணப்பம் செய்து குடிமக்களாகலாம். தமிழர் பலர் தயங்கினார்கள். பதிந்துகொண்டால் ஊர் உறவு அறுந்துபோகுமோ என்று அஞ்சினார்கள். தயங்காமல் பதிந்துகொள்ளுங்கள் என்று சாரங்கபாணி தம் பத்திரிகையின் வாயிலாக இடைவிடாமல் வலியுறுத்தினார். பதிந்தவர்கள் 1959 மே 30ஆம் நாள் நடந்த தேர்தலில் வாக்களித்தார்கள். வாக்களிப்பது கட்டாயமானதும் அந்தத் தேர்தலில்தான். 1965இல் நாடு தனித்து நின்றபோது, நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகத் தமிழும் சட்டத்தில் இடம்பெற்றது.

ஒரு தாளுக்கு அவ்வளவு மதிப்பா என்று கேட்கலாம். இலங்கை மலையகத்தைப் பாருங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரசின் வேட்பாளர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே வந்த சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. பின்னர் வாக்குரிமையும் போயிற்று. அந்தக் குறை பெருமளவு தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. மலேசியத் தோட்டங்களிலோ, 1969இல் வேலை அனுமதி முறை வந்தபோது, குடியுரிமை பெறாதவர்கள் வேலைக்கே அல்லாடினார்கள். மரம் வெட்டிக் காடழித்து, பால்மரம் நட்டு வளர்த்த கைகள் அவை! பலர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள்.

இலங்கையில் உரிமையைப் பறித்தது சட்டம். மலேசியாவிலோ, எழுதத் தெரியாததாலும் எடுத்துச் சொல்ல ஆளில்லாததாலும் அதை இழந்தவர்கள் பலர். அரசியல் என்றால் மேடையும் மாலையும் மட்டுமல்ல. எழுதத் தெரிந்தவர் பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைத்து, அவருடைய விண்ணப்பத்தை நிரப்பித் தருவதும் அரசியல்தான்.

ஆகவே நேயர்களே, இன்று இரவு உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? பெரியவர்களின் அடையாள அட்டை இருக்கிறதா? இருந்தால், அடுத்த வீட்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே இல்லையென்றால், நாளைக்கே அவர்களோடு பதிவு அலுவலகத்துக்குப் புறப்படுங்கள்.